தீவிரத்துக்குக் கோடு எங்கே? கலீஃபா அலியும் கவாரிஜ்களும்

ஹஜ்ஜில் மக்காவுக்குப் பக்கத்து மினாவில், ஷைத்தானைக் குறிக்கும் தூண்கள் மேல் கல் எறிவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கல் எவ்வளவு பெரியது? கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துச் சுண்டிவிடலாம். நபிகள் நாயகம் (ஸல்) தம்முடைய ஹஜ்ஜில் அந்தக் காலையில் இளைஞர் இப்னு அப்பாஸிடம் கல் பொறுக்கித் தரச் சொன்னார்கள். அவர் கொடுத்த சிறு கற்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இந்த மாதிரிக் கல்லைத்தான் எறிய வேண்டும் என்றார்கள். அதோடு நிறுத்தாமல், மார்க்கத்தில் வரம்பு மீறுவதைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள், உங்களுக்கு முன்னால் இருந்தவர்களை அழித்தது அதுதான் என்றும் சொன்னார்கள். நஸாயீ, இப்னு மாஜா என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் இந்த ஹதீஸ் இருக்கிறது.

இவ்வளவு பெரிய எச்சரிக்கையை ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு ஏன் சொல்ல வேண்டும்? சின்னக் கல்லை எறி என்றால், பெரிய கல்லாக எறிந்தால் நன்மை கூடுமே என்று நினைக்கிற ஆள் எல்லாக் காலத்திலும் இருப்பான் என்பதால்தான். ஆர்வம் தாங்காமல் செருப்பைக் கழற்றி வீசுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. தீவிரம் முதலில் வாளோடு வருவதில்லை, பக்தியோடுதான் வருகிறது. அதனால்தான் அதை அடையாளம் காண்பது கஷ்டமாக இருக்கிறது.

தீவிரவாதத்தை இஸ்லாம் ஏற்காது என்று பேச வருகிறவர்கள் வழக்கமாகக் குர்ஆனின் ஐந்தாவது சூராவின் (அத்தியாயத்தின்) 32ஆம் வசனத்தை எடுப்பார்கள்: அநியாயமாக ஓர் உயிரைக் கொன்றவன் மனிதர்கள் எல்லோரையும் கொன்றவனைப் போல. இரண்டாவது சூராவின் 256, மார்க்கத்தில் கட்டாயம் இல்லை. இரண்டும் உண்மையான வசனங்கள்தான், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வசனத்தைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டால் பாதிதான் புரியும். அந்தப் போதனைகளுக்கு நிஜமான சோதனை வந்தபோது, அதாவது பள்ளிவாசலுக்குள்ளேயே ஒரு கூட்டம் எழுந்து நின்று, நபிக்குப் பின் சமூகத்தின் தலைவராக இருந்த கலீஃபாவையே காஃபிர், அதாவது மார்க்கத்தை மறுத்தவர் என்று சொன்னபோது, அந்தக் கலீஃபா என்ன செய்தார் என்று பார்த்தால்தான் மீதி புரியும். அப்படிப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியும்: தீவிரத்தைப் பற்றிய பேச்சும் நல்ல தலைமையைப் பற்றிய பேச்சும் இஸ்லாமிய மரபில் தனித்தனிப் பாடங்களாக இருந்ததே இல்லை.

முதலில் சின்னச் சின்னச் சம்பவங்கள். நபியவர்களின் வீட்டுக்கு மூன்று பேர் வந்து, அவர்கள் எப்படி வணங்குகிறார்கள் என்று விசாரித்தார்கள். கேட்டதும், இவ்வளவுதானா என்று தோன்றியிருக்கிறது. நபியின் பாவங்கள் மன்னிக்கப்பட்டுவிட்டன, நம் கதை வேறு என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஒருவர் இனி இரவெல்லாம் தொழுவேன் என்றார், இன்னொருவர் தினமும் நோன்பு என்றார், மூன்றாமவர் கல்யாணமே வேண்டாம் என்றார். விஷயம் நபிக்குத் தெரிந்தது. உங்களைவிட நான் அல்லாஹ்வுக்கு அஞ்சுகிறவன், ஆனாலும் நோன்பு வைக்கிறேன், விடவும் செய்கிறேன், தொழுகிறேன், தூங்கவும் செய்கிறேன், பெண்களை மணக்கிறேன், என் வழியை விட்டு விலகுகிறவன் என்னைச் சேர்ந்தவன் இல்லை என்று பதில் வந்தது. அந்த மூன்று பேரும் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை, தங்கள் உடம்பைத்தான் வருத்திக்கொள்ளப் பார்த்தார்கள். அதற்கே இவ்வளவு கண்டிப்பு.

அடுத்தது முஆத் இப்னு ஜபல். சாதாரண ஆள் இல்லை, யமனுக்கு நபியே அனுப்பிவைத்த அறிஞர். அவர் நபியோடு இரவுத் தொழுகையான இஷாவைத் தொழுதுவிட்டுத் தன் கூட்டத்தாரிடம் போய் அங்கே இமாமாக நின்று தொழவைப்பார். ஒருநாள் இரவு சூரத்துல் பகராவை ஆரம்பித்துவிட்டார். குர்ஆனிலேயே நீளமான சூரா, 286 வசனம். பகல் முழுக்க ஒட்டகத்தோடு தண்ணீர் இறைத்துக் களைத்து வந்த ஒரு மனிதர் பொறுக்க முடியாமல் கூட்டுத் தொழுகையான ஜமாஅத்தை விட்டு விலகித் தனியாகத் தொழுதுவிட்டுப் போய்விட்டார். உடனே அவருக்கு நயவஞ்சகர் என்று பட்டம். அவர் நேராக நபியிடம் போய் முறையிட, நபிக்கு வந்த கோபம் தொழுகையை விட்டுப் போனவர் மேல் வரவில்லை, முஆத் மேல்தான் வந்தது. நீ மக்களைக் குழப்பத்தில் தள்ளுகிறவனா முஆதே என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தொழவைக்கிறவர் சுருக்கமாகத் தொழவைக்கட்டும், பின்னால் நிற்பவர்களில் பலவீனர் இருப்பார், வயதானவர் இருப்பார், வேலை உள்ளவர் இருப்பார் என்பது அப்போது சொன்னது.

இந்தச் சம்பவத்தை நம் பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) தொழுகையின் சட்டமாக மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள், அது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது. முன்னால் நிற்பவன் தன் பக்தியின் அளவை வைத்துப் பின்னால் நிற்பவனை அளக்கக் கூடாது என்பதுதானே இதில் இருக்கிறது? தீவிரம், தலைமை இரண்டுக்குமான பாடம் ஒரே தொழுகை வரிசையில் வந்து நிற்கிறது. கூடவே, விலகிப்போனவருக்கு நயவஞ்சகர் என்று பட்டம் கட்டிய அவசரத்தையும் கவனியுங்கள். பின்னால் வரப்போகும் பெரிய வியாதியின் முதல் அறிகுறி அது.

இன்னொன்று இதைவிட அச்சமூட்டுவது. ஒரு படைப்பிரிவை அனுப்பி, மதீனாவாசிகளான அன்சாரிகளில் ஒருவரை அதற்குத் தலைவராக்கி, அவருக்குக் கட்டுப்படுங்கள் என்று நபி சொல்லி அனுப்பினார்கள். வழியில் அவருக்கு ஏதோ கோபம். விறகு சேர்க்கச் சொன்னார், நெருப்பு மூட்டச் சொன்னார், எனக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நபி சொன்னார்களா இல்லையா, அப்படியென்றால் நெருப்புக்குள் இறங்குங்கள் என்றார். சிலர் இறங்கவே கிளம்பிவிட்டார்கள். மற்றவர்கள், நெருப்பிலிருந்து தப்பிக்கத்தானே நபியிடம் வந்தோம் என்று தடுத்தார்கள். தலைவரின் கோபமும் தணிந்தது, நெருப்பும் அணைந்தது. திரும்பி வந்து சொன்னபோது, அதில் இறங்கியிருந்தால் அவர்கள் அதிலிருந்து வெளியேறியே இருக்க மாட்டார்கள், கட்டுப்படுதல் என்பது நல்ல காரியத்தில் மட்டும்தான் என்றார்கள் நபி. தலைவர் சொல்லிவிட்டார், நான் செய்தேன் என்று எந்த இயக்கத்துக்காரனும் ஒதுங்கிக்கொள்ள முடியாதபடி இந்த ஹதீஸ் கதவை அடைத்துவிடுகிறது.

பதவியைப் பற்றி வந்திருக்கும் ஹதீஸ்களின் தொனியே ஒரு மாதிரிதான், ஆசை காட்டுகிற தொனியே கிடையாது. நபித்தோழர் அபூதர் பதவி கேட்டபோது, நீங்கள் பலவீனமானவர், இது அமானிதம் (நம்பி ஒப்படைக்கப்படும் பொறுப்பு), மறுமையில் இது இழிவும் கைசேதமும்தான், உரிய முறையில் எடுத்து அதன் கடமையை நிறைவேற்றியவரைத் தவிர என்ற பதில். கட்டாயத் தர்மமான ஜகாத்தை வசூலிக்கப் போய்விட்டு வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டிய இப்னுல் லுத்பிய்யாவைப் பற்றி பள்ளிவாசல் மேடையான மிம்பரில் ஏறி நின்று, இவர் தன் அப்பா வீட்டிலோ அம்மா வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று ஊரறியக் கேட்ட கேள்வி. இன்றைய அரசு அலுவலகம் ஒவ்வொன்றின் வாசலிலும் எழுதிவைக்கலாம். அபூபக்ர் முதல் கலீஃபாவானதும் பேசிய முதல் பேச்சும் இதே வழியில்தான்: உங்கள் மேல் எனக்குப் பொறுப்பு தரப்பட்டிருக்கிறது, நான் உங்களில் சிறந்தவன் இல்லை, சரியாகச் செய்தால் உதவுங்கள், தவறினால் நிமிர்த்துங்கள்.

சரி, இதெல்லாம் போதனை. சோதனைக்கு வருவோம்.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. பொருள்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்த நபியிடம் துல்குவைஸிரா என்ற ஆள் வந்து, நீதியாக நடந்துகொள்ளுங்கள் என்றார். நான் நீதி செலுத்தாவிட்டால் வேறு யார் செலுத்துவார் என்று கேட்டார்கள் நபி. நபித்தோழர் உமர் எழுந்து, இவன் கழுத்தை வெட்டிவிடட்டுமா என்றார். விட்டுவிடுங்கள் என்ற பதிலோடு, இவருக்குக் கூட்டாளிகள் வருவார்கள், அவர்களுடைய தொழுகைக்கு முன்னால் உங்கள் தொழுகை உங்களுக்கே அற்பமாகத் தெரியும், குர்ஆன் ஓதுவார்கள், அது தொண்டையைத் தாண்டி உள்ளே போகாது, வேட்டைப் பிராணியைத் துளைத்து வெளியேறும் அம்பைப் போல மார்க்கத்தைவிட்டு வெளியேறிவிடுவார்கள் என்ற எச்சரிக்கையும் வந்தது. இதில் இரண்டு பகுதி இருக்கிறது. எச்சரிக்கை ஒன்று. இன்னொன்று, நபியின் முகத்துக்கு நேராக அவமதிப்பாகப் பேசியும் அந்த ஆள் உயிரோடு திரும்பிப் போனார் என்பது. முதல் பகுதியைச் சொல்கிறவர்கள் அதிகம், இரண்டாவது பகுதியைக் கண்டுகொள்கிறவர்கள் குறைவு.

மூன்றாவது கலீஃபா உஸ்மான் 656ல் கொல்லப்பட்டார். நபியின் மருமகன் அலி கலீஃபாவானார். அதே ஆண்டு பஸ்ராவுக்குப் பக்கத்தில் ஜமல் போர், எதிரணியில் நபியின் மனைவி அன்னை ஆயிஷா. அடுத்த ஆண்டு, 657ல், சிரியாவின் ஆளுநர் முஆவியாவோடு ஸிஃப்பீன் போர். யூப்ரடீஸ் கரையில், இன்றைய ரக்கா நகருக்குப் பக்கத்தில் நடந்தது அது. அதே ரக்காவைத்தான் 2014ல் ஐஎஸ் தீவிரவாத இயக்கம் தன் தலைநகராக்கிக்கொண்டது, ஸிஃப்பீனில் அலியின் அணியில் நின்று உயிர்விட்ட நபித்தோழர் அம்மார் இப்னு யாஸிரின் அடக்கத்தலத்தையும் தகர்த்தது. சரித்திரத்துக்குச் சில நேரம் இப்படிக் கொடூரமான ஞாபகசக்தி.

போர் உச்சத்தில் இருக்கும்போது சிரியப் படையினர் ஈட்டி முனையில் குர்ஆன் பிரதிகளைத் தூக்கிப்பிடித்து, இது நமக்கு இடையே தீர்ப்பு சொல்லட்டும் என்றார்கள். அலியின் படையிலேயே பலர் போரை நிறுத்தச் சொல்லி நெருக்கினார்கள். இரண்டு பக்கமும் ஒருவரைத் தீர்ப்பாளராக வைப்பது என்று முடிவானது, அலியின் தரப்பில் அபூமூஸா அல்அஷ்அரீ, முஆவியா தரப்பில் அம்ர் இப்னுல் ஆஸ். அப்போதுதான் அலியின் படைக்குள்ளிருந்தே ஒரு கூட்டம் உடைந்தது. தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது, மனிதர்களைத் தீர்ப்பாளராக்கியதால் அலி காஃபிராகிவிட்டார் என்றது. கூஃபாவுக்குப் பக்கத்தில் ஹரூரா என்ற இடத்தில் போய்க் கூடாரம் போட்டது. கவாரிஜ் என்று வரலாறு குறிப்பிடுவது இவர்களைத்தான்.

யார் இவர்கள்? குடிகாரர்களோ கொள்ளைக்காரர்களோ இல்லை. பார்க்கப் போன இப்னு அப்பாஸ் சொல்லும் வர்ணனையில், தரையில் நெற்றி வைத்து ஸஜ்தா செய்து செய்து நெற்றி காய்த்துப்போனவர்கள், ராத்தூக்கம் இல்லாமல் முகம் வெளிறியவர்கள். ஆமாம், அதே இப்னு அப்பாஸ், கூழாங்கல் பொறுக்கிக் கொடுத்த இளைஞர்தான். இப்போது குர்ஆன் விளக்கத்தில் பேர்போன அறிஞர். அலியிடம் கேட்டுக்கொண்டு, யமனிலிருந்து வந்த நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு தனியாளாக ஹரூராவுக்குப் போனார். போனதுமே முதல் ஆட்சேபம், இதென்ன இவ்வளவு அழகான உடை? அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடை செய்தது யார் என்ற வசனத்தை ஓதிவிட்டு உட்கார்ந்தார். அந்த உடையை அவர் வேண்டுமென்றேதான் உடுத்திக்கொண்டு போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு அலியிடம் என்ன குறை, சொல்லுங்கள் என்றார். அவர்கள் சொன்னது மூன்று. அல்லாஹ்வின் விஷயத்தில் மனிதர்களைத் தீர்ப்பாளராக்கினார். ஜமலில் போரிட்டார், ஆனால் எதிரிகளைச் சிறைபிடிக்கவும் இல்லை, பொருளைக் கைப்பற்றவும் இல்லை. அவர்கள் காஃபிர்கள் என்றால் ஏன் கைப்பற்றவில்லை, முஃமின்கள் (நம்பிக்கையாளர்கள்) என்றால் ஏன் போரிட்டார்? மூன்றாவது, ஒப்பந்தத்தில் அமீருல் முஃமினீன் (நம்பிக்கையாளர்களின் தலைவர்) என்ற தன் பட்டத்தை அழிக்க ஒத்துக்கொண்டார், அப்படியானால் அவர் யாருக்கு அமீர்?

இப்னு அப்பாஸ் ஒவ்வொன்றாக எடுத்தார். ஹஜ்ஜுக்கான இஹ்ராம் கட்டுப்பாட்டில் இருப்பவன் ஒரு பிராணியை வேட்டையாடிவிட்டால் ஈடு என்ன என்று உங்களில் நேர்மையான இருவர் தீர்ப்பு சொல்லட்டும் என்று குர்ஆனே சொல்கிறது, கணவன் மனைவி பிணக்குக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒருவரை நடுவராக அனுப்பச் சொல்கிறது. ஒரு முயலுக்கு மனிதர் தீர்ப்பு சொல்லலாம், முஸ்லிம்களின் இரத்தத்தைக் காப்பாற்ற மட்டும் சொல்லக் கூடாதா? சிறைபிடிக்கவில்லை என்கிறீர்களே, உங்கள் தாய் ஆயிஷாவையா சிறைபிடிக்கச் சொல்கிறீர்கள்? பட்டத்தை அழித்தாரா, ஹுதைபிய்யா உடன்படிக்கையில் மக்காவின் குறைஷிகள் ஆட்சேபித்தபோது அல்லாஹ்வின் தூதர் என்ற சொல்லையே நபி அழிக்கச் சொன்னார்களே, அதனால் தூதர் பதவி போய்விட்டதா? ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும், இதிலிருந்து வெளியே வந்துவிட்டேனா என்று கேட்டார், ஆமாம் என்றார்கள். அன்று இரண்டாயிரம் பேர் மனம் மாறித் திரும்பினார்கள் என்று அறிவிப்புகளில் வருகிறது.

அவர்கள் கையில் இருந்தது குர்ஆன் வசனம்தான், அவர் கையில் இருந்ததும் குர்ஆன் வசனம்தான். அவர்கள் ஒரே ஒரு வரியை எடுத்து வைத்துக்கொண்டு மற்ற வரிகளையெல்லாம் அதற்குக் கீழே புதைத்துவிட்டார்கள். நூற்றாண்டுகள் தாண்டி இன்றைக்கு மூன்று நிமிட வீடியோவில் ஒரு வசனத்தைக் காட்டி ஆட்சியாளரையும் மார்க்க அறிஞரான ஆலிமையும் அடுத்த தெரு ஜமாஅத்தையும் காஃபிராக்குகிற ஆள் செய்வதும் இதைத்தான்.

ஆனால் எல்லோரும் திரும்பவில்லை. மீதிப் பேர் கூஃபாவின் பெரிய பள்ளிவாசலுக்கே வந்து, அலி குத்பா என்னும் உரையை நிகழ்த்தும்போது நடுவில் எழுந்து, தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே என்ற அதே முழக்கத்தைப் போட்டார்கள். அலி சொன்ன பதில் அரபு மொழியில் பழமொழியாகவே ஆகிவிட்டது: சொல் உண்மையானது, அதைக் கொண்டு நாடும் நோக்கம்தான் தவறானது. அதற்கு அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். உங்களுக்கு எங்களிடம் மூன்று உரிமை உண்டு என்றார். அல்லாஹ்வின் பள்ளிவாசல்களில் வந்து தொழுவதைத் தடுக்க மாட்டோம். உங்கள் கை எங்கள் கையோடு சேர்ந்திருக்கும்வரை பொதுப் பொருளில் உங்களுக்கு உரிய பங்கை நிறுத்த மாட்டோம். நீங்கள் ஆரம்பிக்காதவரை உங்களோடு போரிட மாட்டோம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கையில் படை இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது. எதிரே நிற்பவன் உன்னைக் காஃபிர் என்று உன் பள்ளிவாசலிலேயே கத்துகிறான். அவனுக்கு மானியத்தை நிறுத்தாதே, தொழ இடம் கொடு, முதல் அடி நீ அடிக்காதே. இன்றைக்கு எத்தனை அரசுகள் இந்த மூன்றில் ஒன்றையாவது தங்கள் விமர்சகனுக்குக் கொடுக்கும்? கோடு எங்கே என்ற கேள்விக்கு அலியின் பதில் இதில் இருக்கிறது. கருத்து எவ்வளவு மோசமாக இருந்தாலும் அது கருத்தாக இருக்கும்வரை பேச்சால்தான் பதில், இரத்தம் சிந்தியபிறகே வாள்.

அந்தக் கோட்டை அவர்கள் தாண்டினார்கள். நபித்தோழர் கப்பாபின் மகன் அப்துல்லாஹ், கர்ப்பிணியான தன் மனைவியோடு வழியில் அவர்களிடம் மாட்டிக்கொண்டார். வரலாற்றாசிரியர் தபரியின் நூலில் வரும் விவரம் படிக்கவே கூசும். பேரீச்சை மரத்திலிருந்து விழுந்து கிடந்த ஒரு பழத்தை அவர்களில் ஒருவன் வாயில் போட்டுக்கொண்டபோது, காசு கொடுக்காமல் எப்படித் தின்னலாம் என்று இன்னொருவன் அதட்ட, துப்பிவிட்டான். வழியில் வந்த பன்றியை ஒருவன் வெட்டிவிட்டான். அது முஸ்லிம் அல்லாத குடிமகனுடையது, இது பூமியில் குழப்பம் விளைவிப்பது என்று மற்றவர்கள் கண்டிக்க, உரியவரைத் தேடிப் போய்ச் சமாதானப்படுத்தினான். இவ்வளவு பேணுதலும் முடிந்தபிறகு, அலியைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார் என்பதற்காக அப்துல்லாஹ்வை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் அறுத்தார்கள். அந்தப் பெண்ணின் வயிற்றைக் கிழித்தார்கள்.

கீழே விழுந்த பழத்துக்கு மனசாட்சி, மனித உயிருக்கு இல்லை. தீவிரத்துக்கு இதைவிடத் துல்லியமான படம் எனக்குத் தெரிந்து இல்லை.

கொன்றவர்களை மட்டும் ஒப்படையுங்கள் என்று ஆள் அனுப்பினார் அலி. நாங்கள் எல்லோருமே கொன்றவர்கள்தான் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் 658ல் நஹ்ரவான் போர். அதிலும் முதலில், கொடியை நட்டு, இதன் கீழே வருகிறவருக்கு அபயம், கலைந்து போகிறவருக்கும் அபயம் என்று அறிவிக்கச் சொன்னார். பலர் போய்விட்டார்கள், மீதிப் பேரோடுதான் சண்டை. போர் முடிந்தபிறகு அவர்கள் காஃபிர்களா என்று கேட்டவர்களுக்கு, குஃப்ரிலிருந்துதான் (இறைமறுப்பிலிருந்துதான்) ஓடினார்கள் என்றார். நயவஞ்சகர்களா? நயவஞ்சகர்கள் அல்லாஹ்வைக் கொஞ்சமாகத்தானே நினைப்பார்கள் என்றார். அப்படியானால் யார்? நமக்கு எதிராக வரம்பு மீறிய நம் சகோதரர்கள். தன்னைக் காஃபிர் என்றவர்களைக் காஃபிர் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இந்தக் கேள்வி பதில் இப்னு அபீ ஷைபாவின் தொகுப்பில் இருக்கிறது.

கடைசியில் அந்தக் கூட்டத்தின் வாளால்தான் அவர் இறந்தார். ஹிஜ்ரி 40, ரமளான், அதாவது 661 ஜனவரி, கூஃபா பள்ளிவாசலில் அதிகாலைத் தொழுகை நேரத்தில் இப்னு முல்ஜம் வெட்டினான். படுக்கையிலிருந்து பிள்ளைகளுக்கு அவர் சொன்னதாக, அவருடைய உரைகளும் கடிதங்களும் அடங்கிய நஹ்ஜுல் பலாகாவில் வருவது: அமீருல் முஃமினீன் கொல்லப்பட்டுவிட்டார் என்று சொல்லிக்கொண்டு நீங்கள் முஸ்லிம்களின் இரத்தத்தில் இறங்கிவிடக் கூடாது, என்னைக் கொன்றவனைத் தவிர வேறு யாரையும் கொல்லக் கூடாது, அவன் அடித்தது ஒரு அடி, அதற்கு ஒரு அடிதான், உடலைச் சிதைக்கக் கூடாது. ஒரு கூட்டத்தை வெறுப்பது உங்களை நீதி தவறவைக்க வேண்டாம் என்ற ஐந்தாவது சூராவின் 8ஆம் வசனத்தை எல்லோரும் மேடையில் ஓதுவார்கள். மண்டையில் வாள்வெட்டோடு படுத்துக்கொண்டு அதன்படி நடப்பது வேறு.

பின்னால் வந்த ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அறிஞர்கள், கிளர்ச்சியாளர்களோடு எப்படி நடந்துகொள்வது என்ற சட்டத்தைப் பெரும்பாலும் அலியின் நடைமுறையிலிருந்துதான் எடுத்தார்கள். தப்பி ஓடுகிறவனைத் துரத்திக் கொல்லக் கூடாது, காயப்பட்டவனை முடிக்கக் கூடாது, பொருளை வெற்றிப் பொருளாக எடுக்கக் கூடாது, பெண்களையும் பிள்ளைகளையும் சிறைபிடிக்கக் கூடாது, முதலில் குறையைக் கேட்க வேண்டும். சட்டப் பள்ளிகளான மத்ஹபுகளுக்கு இடையில் நுணுக்கமான வேறுபாடுகள் உண்டு, அவற்றுக்குள் இங்கே போகவில்லை. ஓமானில் பெருமளவில் இருக்கும் இபாளிகளைக் கவாரிஜ்களோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. வேர் அந்தக் காலத்துப் பிளவில் இருந்தாலும், மற்ற முஸ்லிம்களைக் கொல்வதை ஆரம்பத்திலேயே மறுத்து ஒதுங்கியவர்கள் அவர்கள். அந்தப் பெயரையும் ஏற்பதில்லை.

அலிக்கு அறுபது ஆண்டுகளுக்குள் இன்னொருவர் இதே வழியில் நடந்தார், முஆவியாவின் உமய்யா வம்சத்துக் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ். ஆட்சி 717 முதல் 720 வரை மட்டும். மிம்பர்களில் அலியைச் சபிக்கும் வழக்கத்தை நிறுத்தியவர் அவர். புதிதாக இஸ்லாத்துக்கு வருகிறவர்களிடம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான ஜிஸ்யா வரியை விடாமல் பிடுங்கிக்கொண்டிருந்த ஆளுநருக்கு, அல்லாஹ் முஹம்மதை வழிகாட்டியாக அனுப்பினான், வரி வசூலிப்பவராக அனுப்பவில்லை என்று எழுதினார். கவாரிஜ்களின் தலைவர் ஷவ்தப் கிளர்ந்தபோது, இரத்தம் சிந்தாதவரை அவர்களைத் தொடாதீர்கள் என்று உத்தரவு போட்டுவிட்டு, வா, பேசுவோம், உன் பக்கம் நியாயம் இருந்தால் யோசிக்கிறோம் என்று கடிதம் அனுப்பினார். இரண்டு பேர் வந்து வாதாடினார்கள். உங்களுக்குப் பின் யஸீத் இப்னு அப்துல் மலிக் பதவிக்கு வருவதை எப்படி ஒத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்கள். வாரிசு ஏற்பாடு எனக்கு முன்னிருந்தவர் செய்தது என்று சொல்லிப் பார்த்தார். தகுதியில்லாதவனிடம் அமானிதத்தை ஒப்படைப்பது சரியா என்று விடாமல் கேட்டபோது, மூன்று நாள் அவகாசம் கேட்டார். சரியான கேள்வியைத் தீவிரவாதியே கேட்டாலும் அது சரியான கேள்விதான் என்று ஒத்துக்கொள்ளும் பெருந்தன்மை அது. சீக்கிரமே அவர் இறந்தும் போனார், குடும்பத்துக்குள் விஷம் வைத்தார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது.

தீவிரம் கீழேயிருந்து மட்டும் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். 833ல் அப்பாஸிய கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற தன் கொள்கையை ஆலிம்களும் நீதிபதிகளான காழிகளும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று விசாரணை வைத்தார். அரசாங்கமே அகீதாவை (மார்க்க நம்பிக்கையை) சோதித்துப் பார்த்துத் தண்டித்தது, அடுத்த இரண்டு கலீஃபாக்கள் காலம்வரை தொடர்ந்தது. மறுத்த அறிஞர் அஹ்மத் இப்னு ஹன்பலைச் சிறையில் போட்டுச் சாட்டையால் அடித்தார்கள். கடைசிவரை அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. ஆனால் பக்தாதின் சில ஆலிம்கள் வந்து, கலீஃபா வாஸிக்குக்கு எதிராகக் கிளம்புவோம் என்றபோது அதையும் மறுத்தார். மனதால் வெறுங்கள், மக்கள் இரத்தத்தைச் சிந்தவிடாதீர்கள் என்றார். இதை வெறும் பணிவு என்று சொல்கிறவர்கள் அவர் முதுகில் விழுந்த சாட்டையை மறந்துவிடுகிறார்கள். அதற்காக எல்லோரும் அதே முடிவுக்குத்தான் வந்தார்கள் என்றும் இல்லை. 680ல் கர்பலாவில் அலியின் மகன் ஹுஸைன் ஆட்சியை எதிர்த்து எடுத்த முடிவு வேறு, அதையும் முஸ்லிம் சமூகமான உம்மத் தலையில் வைத்துத்தான் கொண்டாடுகிறது. ஆட்சியாளன் முதுகில் அடித்தாலும் கேட்டு நட என்ற ஹதீஸும் உண்டு, அநியாயக்கார அரசன் முன் உண்மையைச் சொல்வது சிறந்த ஜிஹாத் என்ற ஹதீஸும் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் மிம்பரில் கேட்டால், மற்றதை யார் எதற்காக மறைக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

இந்தச் சந்தேகம் கவாரிஜ் என்ற பட்டத்துக்கும் பொருந்தும். பல நாட்டு ஆட்சியாளர்களுக்கு அது இன்றைக்கு வசதியான ஆயுதம். விலைவாசியைப் பற்றிக் கேட்டவன், தேர்தல் வேண்டும் என்றவன், சிறையில் இருக்கிற மகனைப் பற்றி விசாரித்தவன், எல்லோருக்கும் அதே முத்திரை. அலியிடம் போய், இவர்கள் உங்களை விமர்சிக்கிறார்கள், நஹ்ரவானில் செய்ததை இவர்களுக்கும் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தால், அந்த மூன்று உரிமையைத்தான் திருப்பிச் சொல்லியிருப்பார். விமர்சகனைக் காரிஜி (கவாரிஜ்களில் ஒருவன்) என்று அழைக்கும் ஆட்சியாளரும், ஆட்சியாளரைக் காஃபிர் என்று அழைக்கும் இளைஞனும் ஒருவருக்கொருவர் தீனி போட்டு வளர்க்கிறார்கள்.

நவீன காலத்தில் ஆலிம்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2004ல் ஜோர்டானில் வெளியிட்ட அம்மான் பிரகடனமும் அதைத் தொடர்ந்து 2005ல் கூடிய மாநாடும், ஷியா, இபாளி உட்பட எட்டு மத்ஹபுகளைச் சேர்ந்தவர்களைக் காஃபிர் என்று சொல்லக் கூடாது, தகுதியில்லாதவர் மார்க்கத் தீர்ப்பான ஃபத்வா கொடுக்கக் கூடாது என்று தீர்மானித்தன. 2014ல் நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் ஐஎஸ் தலைவர் பக்தாதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, அவருடைய வாதங்களை ஹதீஸாலும் ஃபிக்ஹாலும் ஒவ்வொன்றாக மறுத்தார்கள். ஒருவகையில் ஹரூராவுக்குப் போன இப்னு அப்பாஸின் வேலைதான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: அவர் அவர்கள் நடுவிலேயே போய் உட்கார்ந்தார், இவர்கள் தூரத்திலிருந்து எழுதினார்கள். பிரகடனம் வெளியிடுவது சுலபம். ஊர்ப் பள்ளிவாசலில் அந்த இளைஞன் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு என்ன குறை, சொல் என்று கேட்பதுதான் நடக்கமாட்டேன் என்கிறது.

தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் வெடித்த குண்டுகளில் 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான் ஹாஷிம், தமிழில்தான் பிரசங்கம் செய்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தான். 2017லேயே அவன் ஆட்கள் மோதியது சொந்த ஊரின் சூஃபி முஸ்லிம்களோடு. முதலில் பக்கத்துத் தெருக்காரன் காஃபிர், அப்புறம்தான் மற்றவர்கள் என்ற அதே பழைய வரிசை. ஊர் முஸ்லிம்களே அதிகாரிகளிடம் அவனைப் பற்றி எச்சரித்தார்கள். இந்திய உளவுத்துறையின் தகவலும் முன்கூட்டியே போயிருந்தது. குண்டு வைத்தவர்களின் உடலை முஸ்லிம் மையவாடிகளில் அடக்க ஏற்க மாட்டோம் என்று ஆலிம்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.

ஆனால் எச்சரிக்கையைக் கேட்டு நடவடிக்கை எடுக்க வேண்டியவர்கள் எடுக்கவில்லை. அதற்குப் பின் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, குற்றத்தில் பங்கே இல்லாதவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பர், ஒவ்வொருவரும் உங்கள் பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்கப்படுவீர்கள் என்ற நபிமொழி முஸ்லிம் அல்லாத ஒரு நாட்டுத் தலைவருக்கு மார்க்கரீதியாகப் பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் கேட்கப்படுவது நடந்தது: தடுத்திருக்கக்கூடிய தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, கூடவே பொலிஸ், உளவுத்துறை, பாதுகாப்பு அமைச்சு ஆகியவற்றின் அன்றைய உயர் அதிகாரிகளும் தங்கள் பங்குக்குக் கட்ட வேண்டும் என்றது.